ஒன்பதாவது கோடு

ஜெயப்ரியா கப்பலில் பாடப் போன பிறகு கேஷவிடம் மிஞ்சியது முடியாத ஒரு பாட்டு. முடியாத பாட்டு என்றும் சொல்லிவிட முடியாது. பல்லவி இருந்தது, சரணங்கள் இருந்தன, நடுவே வாசிக்க வேண்டியதும் தயாராக இருந்தது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற வாசலில் மட்டும் ஒரு கார்டு, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கொத்து, உட்காரவில்லை. ஒரே ஒரு கார்டுக்காக ஒருவன் இத்தனை மாதம் மெனக்கெடுவானா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். கேஷவ் மெனக்கெட்டான்.

மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் மாடி வீடு. அம்மா அபிதகுஜாம்பாள் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவள். கேஷவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஒன்று நடந்து, நிலைக்காமல், பெரிய சண்டை எதுவும் இல்லாமலே முடிந்து போயிருந்தது. அதற்குப் பிறகு கம்பெனி அவனைக் கொஞ்ச காலம் டெக்சஸுக்கு அனுப்பியது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில், மூலையில் உட்கார்ந்து ஒரு கிழவர் பெடல் ஸ்டீல் வாசிப்பதைக் கேட்டான். கையிலிருந்த சாப்பாடு ஆறிப்போனது. ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் லேப்டாப்பும் வாசனைத் திரவியமும் கொண்டுவந்தார்கள். இவன் அந்த வாத்தியத்தைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, "என்ன சார், தையல் மெஷினா?" என்றார்.

பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான்கு கால் நட்ட நீள மேசை. அதன்மேல் பத்துத் தந்திகள். இடது கையில் உருண்டையான ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் சறுக்க வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். கீழே மூன்று மிதிகள், முட்டிகளுக்குப் பக்கத்தில் நெம்புகோல்கள். மிதித்தால் சில தந்திகள் சுரம் ஏறும், முட்டியால் தள்ளினால் சில தந்திகள் ஏறும், சில இறங்கும். கிடாரில் இருக்கிற மாதிரி கம்பிக்கட்டைகள் கிடையாது. இடம் தெரிவதற்காகக் கோடுகள் மட்டும் போட்டிருக்கும். கோட்டில் ஒரு மயிரிழை தவறினாலும் சுரம் தவறிவிடும்.

ஜெயப்ரியாவை அவன் சந்தித்தது இந்த வாத்தியத்தால்தான். கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்கு அங்கே பாட்டுக் கச்சேரி உண்டு. கீபோர்டு வாசிப்பவர் வேலையை விட்டுப் போய்விட, மேனேஜர் யார் யாரையோ விசாரித்துக் கடைசியில் கேஷவைப் பிடித்தார். முதல் நாள் அவன் வாத்தியத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பாடுகிறவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா சார் இது, இஸ்திரி போடுற டேபிளாட்டம் கீது?"

"பெடல் ஸ்டீல். கிடார் ஜாதிதான். உட்கார்ந்து வாசிக்கணும்."

"கால்ல இன்னாத்துக்கு மிதிக்கிறீங்க?"

"மிதிச்சா சுரம் மாறும். முட்டியால தள்ளினா வேற சுரம்."

"கை, காலு, முட்டி எல்லாம் வேலை செய்யுது. வாய் மட்டும் சும்மா கீது. அத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பார்க்கப் போனாள்.

அவள் கோவளத்துக்காரி. அம்மா செல்வம்மாள் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கிறாள். தம்பி பிரேம் விடியலில் கடலுக்குப் போவான், ஞாயிற்றுக்கிழமை அதே ரிசார்ட்டில் பேஸ் கிடாரில் அடிச்சுரம் வாசிப்பான். ஜெயப்ரியா சின்ன வயதில் அம்மன் கோயில் திருவிழா மேடையில் பாட ஆரம்பித்தவள். புருஷன் வேறொருத்தியோடு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைப்பற்றி அவள் பேசினால் சிரித்துக்கொண்டுதான் பேசுவாள். பாடினால் மட்டும் சிரிப்பு இருக்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

விருந்து முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மூன்று பேரும் ரிசார்ட்டின் பின்பக்கம் உட்கார்ந்து சும்மா வாசிப்பார்கள். அப்படித்தான் அந்தப் பாட்டு உருவானது. வார்த்தை அவளுடையது. 'இன்னும் ஒரு அலை வரட்டும், இருந்து பாத்துப் போ' என்பது பல்லவியின் கடைசி அடி. கரையில் நிற்கிற ஒருத்தி கிளம்புகிறவனைப் பார்த்துச் சொல்வது. அதில் 'இருந்து' என்கிற இடத்தில் அவள் நீட்டுவாள். நீட்டி, நீட்டி, அந்தச் சுரம் எங்கேயாவது விழுந்துவிடுமோ என்று கேட்பவனுக்குப் பதறும்போது 'பாத்துப் போ' என்று இறக்கி வைப்பாள்.

அந்த நீட்டலுக்கு அடியில் கேஷவ் வாசித்தது ஜி செவன், ஜி என்கிற சுரத்தை அடியாக வைத்துக் கட்டியது. 'வீட்டுக்குத் திரும்பு' என்று சொல்கிற கார்டு அது. அடுத்து சி வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இசை படித்த யாரும் அந்த இடத்தில் அதைத்தான் வைப்பார்கள்.

"இல்ல கேஷவு" என்றாள் ஒருநாள். சார் போய்ப் பேர் வந்திருந்தது, நீங்க போய் நீ வந்திருந்தது. அவன்தான் இன்னும் நீங்க என்றே பேசிக்கொண்டிருந்தான். "நீ வாசிக்கிறது ரொம்ப நல்ல புள்ளயா கீது. ஒருத்தி இருடா இருடான்னு கெஞ்சுறா. நீ பேங்க்ல கேஷியராட்டம் குந்திகினு கீறே."

"ஜி செவன் அப்படித்தானே இருக்கும்?"

"அதெல்லாம் எனக்குத் தெர்ல. என் சொரத்துக்கும் உன் சொரத்துக்கும் அங்க சண்டை வருது. சண்டை வேணாம்னு நான்தான் கொஞ்சம் எறங்கிப் பாடிகினு கீறேன்."

அவன் யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். அவள் மனசில் இருந்த சுரம் ஈ ஃப்ளாட். அவன் கார்டில் அரை சுரம் கீழே ஒரு டி நின்றுகொண்டிருந்தது. இரண்டும் உரசாமல் என்ன செய்யும்? அந்த டியை ஏற்ற வேண்டும். அதை மட்டும் ஏற்றினால் பாதி வலிதான் வரும். கூடவே ஓர் ஏ ஃப்ளாட் வேண்டும். ஐந்தாம் சுரமும் ஒன்பதாம் சுரமும் தன் இடத்திலிருந்து விலகி நிற்கிற கார்டு. ஆல்டர்டு டாமினன்ட் என்பார்கள். வீட்டுக்குத் திரும்பு என்றுதான் அதுவும் சொல்லும். ஆனால் சொல்லும்போது குரல் கம்மிப் போயிருக்கும்.

பியானோவில் அதை வாசிக்க ஒரு குழந்தை போதும். வேண்டிய இடத்தில் விரலை வைத்தால் முடிந்தது. பெடல் ஸ்டீலில் இரும்பு ஒன்று, அதுவும் நேர்கோட்டில்தான் கிடக்கும். தந்தி எங்கே மாற வேண்டுமோ அங்கே மிதியும் முட்டியும் ஒத்துழைக்க வேண்டும். "கண்டுபிடிக்கிறேன்" என்றான் கேஷவ்.

அவன் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குக் கப்பல் வேலை வந்துவிட்டது.

சித்திரை மாதம் ஒரு காலையில், கோவளத்தில் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சுற்றுலாக் கப்பல். சாயங்காலமெல்லாம் பாட வேண்டும். சிங்கப்பூர், பினாங்கு, அப்புறம் மத்தியதரைக் கடல் பக்கம். பிரேம் வலையை உதறிக்கொண்டிருந்தான். செல்வம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு இவர்களைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி போனாள்.

"நல்ல சான்ஸ்" என்றான் கேஷவ். "போயிட்டு வாங்க."

அவள் அவனையே பார்த்தாள். "அவ்ளோதானா?"

அவன் சொல்ல நினைத்தது வெளியே வராமல் வேறொன்று வந்தது. "பாஸ்போர்ட்டெல்லாம் ரெடியா?"

"ரெடி ரெடி" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அவள் போன பிறகு ரிசார்ட்டில் கச்சேரியையே நிறுத்திவிட்டார்கள். கேஷவ் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில் வாத்தியத்தின் முன் உட்கார ஆரம்பித்தான். முதலில் மூன்றாவது கோட்டைச் சுற்றித் தேடினான். ஜி அங்கேதான் இருந்தது. இடது முட்டியால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் அந்த ஜி அரை சுரம் ஏறி ஏ ஃப்ளாட் ஆனது. பாதி வேலை முடிந்தது. மிச்சம் அந்த டி. அது ஈ ஃப்ளாட்டாக வேண்டும். அந்தத் தந்தியை ஏற்றுகிற மிதி இருக்கிறது, ஆனால் மிதித்தால் ஒரு முழுச் சுரம் ஏறிவிடும். அரை சுரம் வேண்டுமானால் பாதி மிதிக்க வேண்டும். பாதி என்பது எது? கால் ஒருநாள் சொன்ன பாதியை மறுநாள் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தான். சாக்ஸ் போட்டு மிதித்தான். மிதிக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தான். நின்றால் நிற்கும், இல்லையென்றால் நடுங்கும்.

மழைக்கு முன்னால் ஒருநாள், கொஞ்சம் நன்றாக நின்றது என்று தோன்றியபோது, போனில் பதிந்து அவளுக்கு அனுப்பினான். கப்பலில் சிக்னல் எப்போதாவதுதான். பதில் வருகிறவரை ஆபீஸில் ஒவ்வொரு மீட்டிங்கிலும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் பாத்திரம் உருள்கிற சத்தம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். "கேஷவு, வந்துட்ச்சு... வந்துட்ச்சு, ஆனா இன்னாமோ நடுங்குது. பயந்துகினு வாசிக்கிறாமாரி கீது. நீ நல்லா கீறியா? அம்மா நல்லா கீறாங்களா? இங்க சோறு நல்லா கீது, காரம்தான் இல்ல." அவ்வளவுதான். அவன் அதைப் பலமுறை கேட்டான். நடுங்குகிறது என்று சொன்ன இடத்தை விட்டுவிட்டு, 'நீ நல்லா கீறியா' என்கிற இடத்தை.

அபிதகுஜாம்பாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் டிபன் டப்பாவை மூடும்போது கேட்டாள்: "அந்தப் பொண்ணு எப்ப வரா?"

"எந்தப் பொண்ணு?"

"சரி" என்று டப்பாவை அவன் கையில் கொடுத்தாள்.

டிசம்பரில் புயல் சின்னம் ஒன்று வந்து கடலிலேயே உட்கார்ந்துகொண்டது. படகுகள் எல்லாம் மேடேறிவிட்டன. வேலையில்லாத பிரேம், பேஸ் கிடாரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, பைக்கில் நனைந்து மாடம்பாக்கம் வந்து சேர்ந்தான். தாம்பரத்திலிருந்து சேலையூர் வரை சாலையெல்லாம் தண்ணீர், கம்பெனியிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"வூட்ல குந்திகினு அம்மா மொகத்தப் பாத்துகினு எவ்ளோ நேரம்ணா இருக்கறது?" என்றான் பிரேம், தலையைத் துவட்டிக்கொண்டே. "அக்கா பாட்ட எடு. வாசிக்கலாம்."

வாசித்தார்கள். அந்த இடம் வந்தபோது கேஷவின் கால் வழக்கம்போலத் தடுமாறியது. நிறுத்தினான். தந்தி ஒன்று சுருதி விலகியிருக்கிறதோ என்று சந்தேகம். மிதியையும் முட்டியையும் விட்டுவிட்டு, வெறுமனே இரும்பை மேல் கோடுகளுக்கு நகர்த்தி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தான். பிரேமுக்கு அவன் நிறுத்தியது தெரியவில்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தபடி, அடுத்த கார்டுக்கு அண்ணன் கூப்பிடுவார் என்று, ஜியை விடாமல் அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தான்.

கேஷவின் இரும்பு ஒன்பதாவது கோட்டில் இருந்தது. நான்கு தந்திகளை மீட்டினான்.

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி மீட்டினான். பி, ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட். நான்கும் அங்கே இருந்தன. மிதி இல்லை, முட்டி இல்லை, எதுவும் நடுங்கவில்லை. கோடுகளில் ஒரே ஒரு கோடு பின்னால் சறுக்கினால் சி, அதாவது வீடு. இந்த இடத்தை அவன் எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறான். தனியாக வாசிக்கும்போது அது வேறு ஏதோ ஒரு கார்டு. டி ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத அயலான் மாதிரி இருக்கும். அந்தக் கார்டும் ஜி செவனும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எங்கோ படித்தும் இருக்கிறான். ஆனால் ஜியைத் தன் தந்தியிலேயே பிடித்து வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன் என்று அவன் அடம்பிடித்திருந்தான். அடியில் அதை இன்னொருவன் பிடித்துக்கொண்டால் மேலே இருப்பதன் பொருளே மாறிப்போகும் என்பது அவன் காதுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பிரேம், நிறுத்தாதே. அப்படியே ஜியைப் பிடி."

"புட்ச்சிகினுதான்ணா கீறேன்."

கேஷவ் ஒன்பதில் மீட்டி, எட்டுக்குச் சறுக்கினான். பிரேமும் சரியாக அதே நேரம் சி சுரத்துக்கு வந்தான். சமையலறையில் மிக்ஸியைப் போடப்போன அபிதகுஜாம்பாள் போடாமல் வாசல்படியில் வந்து நின்றாள். பிரேம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா கேக்கணும்ணா இத்த" என்றான்.

"போன்ல அனுப்ப வேண்டாம்" என்றான் கேஷவ். "நேர்ல வரட்டும்."

பொங்கல் கழிந்த வாரம் ஜெயப்ரியா வந்தாள். முடியைக் கத்தரித்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். பிரேமின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மாடம்பாக்கம் வந்து இறங்கியபோது, மாடியிலிருந்து பார்த்த கேஷவுக்கு முதலில் வேறு யாரோ என்றுதான் தோன்றியது. செருப்பை உதறி மூலைக்குத் தள்ளிவிட்டு ஏறி வந்த விதத்தில்தான் அவள் என்று தெரிந்தது.

"உட்காரும்மா. காபி குடிக்கிறியா?" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"குடிக்கிறேம்மா. சக்கர தூக்கலா போடுங்க. அங்க காபின்னு ஒண்ணு குட்த்தாங்க, பேஜாரா போச்சு."

காபி குடித்து முடிகிறவரை கப்பல் கதை. பினாங்கில் ஒரு கிழவி தன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்றாள். புயலில் ஒருநாள் பியானோ மேடையை விட்டு நகர்ந்தது என்றாள். கேஷவ் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாத்தியத்தின் முன் போய் உட்கார்ந்தான். பிரேம் பேஸை எடுத்தான்.

அவள் பாடினாள். நின்றுகொண்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். சரணம் முடிந்தது. 'இன்னும் ஒரு அலை வரட்டும், இருந்து' என்று ஏறினாள். உரசலுக்குப் பயந்து வழக்கம்போலக் கொஞ்சம் இறங்கித்தான் ஆரம்பித்தாள். அடியிலிருந்து அந்த நான்கு சுரங்களும் வந்தன. அவள் கண்ணைத் திறந்து கேஷவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் சுரத்தைத் தான் நினைத்த இடத்துக்கு ஏற்றினாள். சண்டை இல்லை. அவளுக்கென்று ஓர் இடம் ஏற்கனவே விரித்து வைத்திருந்த மாதிரி இருந்தது. நீட்டினாள். எவ்வளவு நீட்டினாலும் விழவில்லை. 'பாத்துப் போ' என்று இறக்கியபோது குரல் உடைந்தது. அதைச் சரிசெய்ய அவள் முயலவும் இல்லை.

"இன்னொருவாட்டி" என்றாள்.

இன்னொரு முறை பாடினாள். அதற்கும் அடுத்த முறை அந்த இடம் வந்தபோது பாடாமல் நின்றாள். கேஷவும் பிரேமும் மட்டும் வாசித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது, துரைப்பாக்கத்தில் கொஞ்சம் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். பிரேம் பேஸோடு பைக்கில் முன்னால் போய்விட்டான். கேஷவ் காரை எடுத்தான். பள்ளிக்கரணை தாண்டும்வரை பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். பிறகுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"துரைப்பாக்கத்துல யார் இருக்காங்க?"

"ஏஜென்ட் ஆபீஸ். கையெழுத்துப் போடணும்." கொஞ்சம் விட்டுச் சொன்னாள்: "மறுபடியும் கூப்புட்டுக்கீறாங்க. மாசி கடைசீல கெளம்பணும்."

அவன் சதுப்பு நிலத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினான். பின்னால் வந்த தண்ணீர் லாரி திட்டுவது போல ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இருவரும் இறங்கினார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரில் தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன, வெளிர் சிவப்பாக. காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம் வந்தது, மறுபடி திரும்பினால் போனது.

"ஜெயா" என்றான். அப்படி அவளை அவன் கூப்பிட்டதில்லை. "நீ போகும்போது நான் ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். சொல்லல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பாஸ்போர்ட் ரெடியான்னு கேட்டியே, அப்பவே தெரியும்." அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நீ சொல்லியிருந்தா நான் நின்னுட்டுருப்பேன் கேஷவு. அதான் எனக்கு பயம். நீ சொல்லலியேன்னு ஆத்திரமாவும் இருந்திச்சு. அப்பாடான்னும் இருந்திச்சு. ரெண்டும்தான். கப்பல்ல ஏறி மொத ராத்திரி பூரா அழுதுகினே இருந்தேன். அடுத்த நாளு பாடினேன் பாரு, என் ஆயுசுல அப்படிப் பாடினதில்ல."

"இப்போ?"

"இப்ப சொன்னாலும் போவேன்." அவள் பறவைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு அங்க புடிச்சிருக்கு. யாரோட பொண்டாட்டின்னும் கேக்க மாட்டாங்க, யாரு பொண்ணுன்னும் கேக்க மாட்டாங்க. பாடுறவ. அவ்ளோதான். இன்னும் கொஞ்ச நாளு அப்படி இருக்கணும் எனக்கு." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "போவேன். ஆனா நீ சொல்லு."

அவன் சொன்னான். சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது, வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை. இடையில் இன்னொரு லாரி போனபோது நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். இரும்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருந்த விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"நீயும் வான்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "அம்மா கீறாங்க. வேலை கீது. வந்தா நீ எனக்காக வந்தாமாரி ஆயிடும், அப்புறம் அதுக்காக நான் உன் மொகம் பாத்து நடக்கணும். காத்துகினு இருன்னும் சொல்ல மாட்டேன்."

"இருக்காதேன்னு சொல்லுவியா?"

அவள் அவன் கையை விடவில்லை. "அதுவும் சொல்ல மனசு வர்ல" என்றாள்.

துரைப்பாக்கத்தில் அவள் இறங்கி மாடிப்படி ஏறுகிறவரை பார்த்துவிட்டு அவன் திரும்பினான். அந்த ஒன்றரை மாதமும் ஞாயிறுதோறும் மூன்று பேரும் கோவளத்தில் வாசித்தார்கள். மாசி கடைசியில் அவள் போனாள். விமான நிலையத்தில் அவன் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை. செல்வம்மாளுக்கு முன்னாலேயே அவன் கண் கலங்கியது. செல்வம்மாள் தன் முந்தானையைத்தான் நீட்டினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேஷவ் வாத்தியத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கோவளம் போகிறான். பிரேம் வீட்டு முன்னறையில் வாசிப்பு. அதற்குள் சின்னச் சின்ன ஊர் விழாக்களுக்கும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வைகாசியில் ஒரு ஞாயிறு, நல்ல வெயிலில், பிரேமின் போன் அடித்தது. அவள்தான், ஏதோ துறைமுகத்திலிருந்து. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"நேத்து நம்ம பாட்ட பாடினேன்" என்றாள். "தமிழ்லயே பாடினேன். பாதிப் பேரு துண்ணுகினே இருந்தாங்க, தலையே தூக்கல. ஆனா எங்க பியானோக்காரன் ஒரு ரஷ்யாக்காரன், அவன் அந்த எடத்துல முழிக்கிறான். இன்னா கார்டுன்னு கேக்கறான். இன்னான்னு சொல்ல?"

"அடியில ஜி. மேல டி ஃப்ளாட் நைன்த்" என்றான் கேஷவ்.

"இரு, எனக்கு வாயில நிக்காது. வாசி."

பிரேம் ஜியைப் பிடித்தான். கேஷவ் மீட்டினான். அவள் அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுரமாகத் திருப்பிப் பாடிக்காட்டினாள், சரியா சரியா என்று கேட்டுக்கொண்டே. மூன்றாவது சுரத்தில் லைன் விட்டு விட்டு வந்தது. நான்காவது வரவில்லை. பிரேம் திருப்பிப் போட்டுப் பார்த்தான். போகவில்லை.

"மூணு வெச்சி அவன் புட்ச்சிக்குவான்ணா" என்றான்.

"பிடிச்சுக்குவான்" என்றான் கேஷவ். இரும்பைத் தந்திகளின் மேலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆவணியில் லீவு கிடைக்கலாம் என்று போன முறை சொல்லியிருந்தாள். கிடைக்காமலும் போகலாம் என்றும் சொல்லியிருந்தாள்.

உள்ளே மீன் பொரிகிற வாசனை. செல்வம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, அவ வெச்சிட்டாளா? சோறு துண்றாளாமா ஒயுங்கா?"

"துண்றாளாம்மா" என்றான் பிரேம்.

"வாங்க, எலை போட்டுக்கீறேன். தம்பி, உனக்குத் தனியா தயிர் வாங்கி வெச்சிக்கீறேன். மாங்காய் ஊறுகா கீது. வா, கைய கழுவிகினு வா."

கேஷவ் எழுந்து கையைக் கழுவப் போனான்.